புகைப்படம் காத்த பந்தய வரலாறு



கெடா மாநிலத்துத் தோட்டங்களில் வாழ்ந்த குடும்பங்களின் வீடுகளில் ஒரு படத்தை நாம் அடிக்கடி காணலாம். எண்ணெய் தடவி வாரிய தலை, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, முகத்தில் ஒரு பெருமிதம். இளைஞர் ஒருவர் மோட்டார் சைக்கிளின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நிற்கிறார். பின்னால் லயத்துப் படிக்கட்டோ ரப்பர் மரங்களோ தெரிகின்றன. வண்டி அவருடையதா, கிராணியாரிடம் ஒரு நாழிகைக்கு இரவல் கேட்டதா என்பது படத்தைப் பார்த்தால் தெரியாது. பின்புறம் திருப்பிப் பார்த்தால் பெயர் இல்லை, ஆண்டும் இல்லை. "இது யார் பாட்டி?" என்று பேரப்பிள்ளை கேட்டால், பாட்டி இருக்கும்வரை பதில் கிடைக்கும். பாட்டி போன பிறகு யாரைக் கேட்பது?

இந்தக் கேள்வியை மனத்தில் இருத்திக்கொண்டு, மோட்டார் சைக்கிள் சாலைப் பந்தயத்தின் வரலாற்றைப் புகைப்படம் எவ்வாறு காத்தது என்பதை இன்று பார்ப்போம். பந்தயம் எங்கோ வெள்ளைக்காரர் நாட்டில் தொடங்கியது, அதற்கும் தோட்டத்து மக்களுக்கும் என்ன தொடர்பு என்று எண்ண வேண்டா. ரப்பர் ஒரு தொடர்பு. நாம் 'கப்சாய்' என்று செல்லமாக அழைக்கும் சிறு மோட்டார் சைக்கிள் இரண்டாவது தொடர்பு. ஜெராய் மலையின் அடிவாரத்தில் குரூணில் நிற்கும் தொழிற்சாலை மூன்றாவது தொடர்பு. ஒவ்வொன்றாகக் காண்போம்.

1880களின் இறுதியில், அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் பாய்ட் டன்லப் என்பவர் தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த ரப்பர் டயரைச் செய்தார். அதன்பின் சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் காரும் பெருகின. டயருக்கு ரப்பர் வேண்டியிருந்தது. மலாயாவில் காடுகள் அழிக்கப்பட்டு ரப்பர் நடப்பட்டது. மரம் சீவத் தமிழகத்திலிருந்து ஆட்கள் கப்பலேற்றப்பட்டனர். சுங்கைப் பட்டாணி, பீடோங், கூலிம், பாடாங் செராய் வட்டாரங்களில் நம் முன்னோர் காண்டா வாளி சுமந்து இறக்கிய பால், கடல் கடந்து சென்று டயராயிற்று. அந்நாளில் உலகின் எந்தச் சாலையில் எந்த வண்டி ஓடினாலும், அது நம்மைப் போன்றோரின் உழைப்பின் மேல்தான் ஓடியது. பந்தயக்காரரின் பெயர் ஏட்டில் ஏறியது. பால் சேர்த்தவரின் பெயர் பிரட்டுப் புத்தகத்தோடு நின்றுவிட்டது. இந்த வேறுபாட்டை மறவாமல் மேலே செல்வோம்.

பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் இடையே கடலில் மான் தீவு என்றொரு சிறு தீவு உண்டு. 1907ஆம் ஆண்டு மே 28ஆம் நாள் அங்கே 'டூரிஸ்ட் டிராபி' என்னும் மோட்டார் சைக்கிள் பந்தயம் முதன்முதலாக நடந்தது. இதற்கெனத் தனிப் பந்தயத்திடல் கட்டப்படவில்லை. மக்கள் அன்றாடம் நடக்கும் சாலையையே அடைத்துவிட்டு ஓட்டினார்கள். சாலைப் பந்தயம் என்ற பெயர் வந்தது இதனால்தான். ஒரு சிலிண்டர் வண்டிகளின் பிரிவில் மேட்ச்லெஸ் வண்டி ஓட்டிய சார்லி காலியர் 4 மணி 8 நிமிடத்தில் ஓடி முடித்து வென்றார். அவருடைய சராசரி வேகம் மணிக்கு 38 மைல், அதாவது ஏறத்தாழ 61 கிலோமீட்டர். இன்று பீடோங்கிலிருந்து சுங்கைப் பட்டாணிச் சந்தைக்குப் போகிறவரின் கப்சாய் இதைவிட வேகமாகப் போகும்! ஆனால் அன்றைய சாலை புழுதியும் கல்லுமாய் இருந்தது. தோட்டத்துச் செம்மண் சாலையில் மழைக்குப் பின் வண்டி ஓட்டியவர்களுக்கு அந்த 61 கிலோமீட்டரின் அருமை விளங்கும்.

1911 முதல் இப்பந்தயம் மலைமேல் ஏறி இறங்கும் 60 கிலோமீட்டர்ச் சுற்றுக்கு மாறியது. அந்தச் சுற்றில்தான் இன்றும் நடக்கிறது. இங்கேதான் புகைப்படக்காரர் நம் கதைக்குள் வருகிறார்.

அத்தீவின் டக்ளஸ் நகரில் கீக் குடும்பத்தார் ஒரு புகைப்பட நிலையம் வைத்திருந்தனர். நம் சிற்றூர் ஸ்டூடியோவைப் போலத் திருமணப் படமும் குடும்பப் படமும் எடுத்துப் பிழைக்கும் இடம்தான். அவர்கள் பந்தயக் காலத்தில் ஓட்டுநரை அவருடைய வண்டியோடு நிற்கவைத்துப் படம் எடுத்தனர். ஓட்டுநரின் முகம், வண்டியின் பக்கத்தோற்றம், பந்தய எண் ஆகியவை தெளிவாகத் தெரியும்படி எடுத்தார்கள். வென்றவர், தோற்றவர் என்ற பேதம் பார்க்கவில்லை. 1911 முதல் 1939 வரை இவ்வாறு கண்ணாடித் தகட்டில் எடுத்த படங்கள் சேர்ந்தன. கண்ணாடி எளிதில் உடையும், கனமானது, இடத்தை அடைக்கும். ஆயினும் அவை தூக்கி எறியப்படாமல் காக்கப்பட்டன. பல ஆண்டுகளுக்குப் பின், 'கீக் தொகுப்பு' என்ற பெயரில் அவை அச்சேறின.

இதனால் விளைந்த நன்மை என்ன? 1920களில் செய்த ஒரு வண்டியைப் பழைய உருவுக்குத் திருப்ப விரும்புகிறவர், அந்தப் படத்தைப் பார்த்து எண்ணெய்த் தொட்டி எங்கிருந்தது, பிரேக் எப்படியிருந்தது என்று அறிகிறார். பந்தயத்தில் கடைசியாக வந்த ஓட்டுநரின் பேரன், தன் தாத்தாவின் முகத்தைக் காண்கிறான். ஏட்டில் வென்றவர் பெயர் மட்டுமே பெரிய எழுத்தில் இருக்கும். கீக் நிலையத்தின் படங்களில் எல்லாரும் ஒரே அளவில் நிற்கிறார்கள். வரலாறு என்பது வென்றவர் கதை மட்டுமன்று என்பதை ஒரு சிற்றூர்ப் புகைப்படக்காரர் தம் தொழிலாலேயே காட்டிவிட்டார்.

நிற்கும் வண்டியைப் படம் எடுப்பது எளிது. ஓடும் வண்டியை எப்படி எடுப்பது? இதைச் சிறிது கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் 50 மீட்டர் கடக்கும். கேமராவின் கதவு ஒரு விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தால், அதற்குள் வண்டி 1 மீட்டர் நகர்ந்துவிடும். படத்தில் வண்டி இருக்காது. ஒரு கோடுதான் இருக்கும். ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் மட்டுமே திறந்திருந்தால் 5 சென்டிமீட்டர்தான் நகரும். படம் ஓரளவு தெளிவாக விழும். ஆனால் அவ்வளவு குறுகிய நேரத்தில் போதிய ஒளி உள்ளே வராது. அக்காலத்துத் தகடுகளும் பிலிம்களும் ஒளியை மெதுவாகவே ஏற்றன.

ஆகவே புகைப்படக்காரர்கள் ஓர் உத்தியைக் கையாண்டார்கள். வண்டி வரும்போதே கேமராவை அதன் மேல் வைத்து, வண்டி போகும் வேகத்திலேயே கேமராவையும் திருப்பிக்கொண்டே போய், நடுவில் பொத்தானை அழுத்தினார்கள். அவ்வாறு செய்தால் வண்டி தெளிவாக இருக்கும். பின்னால் உள்ள மரமும் வீடும் கோடுகளாகக் கலையும். பறக்கும் பறவையை உண்டைவில்லால் குறிபார்க்கும் சிறுவன் கையைத் திருப்பிக்கொண்டே போவானே, அதுபோலத்தான். இன்றும் உலகப் பந்தயத் திடல்களில் இந்த உத்தியே கையாளப்படுகிறது.

இதில் தவறினால் என்ன நேரும் என்பதற்குப் புகழ்பெற்ற சான்று ஒன்று உண்டு. பிரான்சு நாட்டில் 1894இல் பிறந்த ழாக் ஆன்ரி லார்ட்டீக் என்பவர், இளம் வயதில் ஒரு கார்ப் பந்தயத்தைப் படம் எடுத்தார். அவருடைய கேமராவின் கதவு ஒரு குறுகிய இடுக்கு போன்றது. அது படத்தின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நகர்ந்து செல்லும். அது நகர்வதற்குள் காரும் நகர்ந்தது. அவர் கேமராவையும் திருப்பிக்கொண்டிருந்தார். விளைவு, காரின் சக்கரம் முட்டை வடிவாகி முன்னே சாய்ந்தது; வேடிக்கை பார்த்தவர்களும் கம்பங்களும் பின்னே சாய்ந்தனர். கெட்டுப்போன படம் என்று ஒதுக்கியிருக்கலாம். ஆனால் 1963இல் நியூயார்க்கின் நவீனக் கலைக்கூடம் அவருடைய படங்களைக் காட்சிக்கு வைத்தபின், வேகத்தையே கண்ணுக்குக் காட்டும் படம் என்று உலகம் அதைப் போற்றியது. அப்போது அவருக்கு வயது 69.

இந்தப் படத்தில் நமக்கு மற்றொரு பாடமும் இருக்கிறது. அது எடுக்கப்பட்ட ஆண்டு 1912ஆ, 1913ஆ என்ற குழப்பம் நெடுங்காலம் இருந்தது. ஆய்வாளர்கள் காரில் எழுதியிருந்த எண்ணையும் காரின் அமைப்பையும் கொண்டே அதை ஆராய்ந்தார்கள். படம் எடுத்தவரே உயிரோடு இருந்தும் ஆண்டில் ஐயம் வந்தது என்றால், பின்புறம் ஒன்றும் எழுதாத நம் வீட்டுப் படங்களின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

இனி, பந்தயம் நம் பக்கம் திரும்பிய கதைக்கு வருவோம். ஜப்பானில் சோயிச்சிரோ ஹோண்டா என்பவர், மான் தீவுப் பந்தயத்தில் கலந்துகொள்வோம் என்று 1954இல் அறிவித்தார். 1959இல் அவருடைய 125 சிசி வண்டிகள் அங்கே ஓடி 6, 7, 8, 11ஆம் இடங்களைப் பெற்றன. குழுப் பரிசும் கிட்டியது. 1961இல் மைக் ஹெயில்வுட் என்ற ஆங்கிலேயர் ஹோண்டா வண்டியில் 125, 250 சிசி ஆகிய இரு பிரிவுகளிலும் வென்றார். இதற்கிடையே, 1958இல் அதே ஹோண்டா நிறுவனம் 'சூப்பர் கப்' என்னும் சிறிய வண்டியைச் சந்தைக்குக் கொண்டுவந்திருந்தது. அந்தக் 'கப்' என்ற சொல்தான் நம் வாயில் கப்சாய் ஆயிற்று. 2017க்குள் அவ்வகை வண்டிகள் உலகில் 10 கோடிக்கு மேல் செய்யப்பட்டுவிட்டன.

அதை இந்நாட்டுக்குக் கொண்டுவந்தவர் பினாங்குத் தொழிலதிபர் லோ பூன் சியூ. சீனாவிலிருந்து சிறுவனாக வந்து, பஸ் பழுதுபார்க்கும் வேலையில் தொடங்கி முன்னேறியவர். 1950களின் இறுதியில் ஹோண்டாவின் விநியோக உரிமையைப் பெற்றார். 1995இல் காலமானார். பினாங்கிலிருந்து கெடாவுக்கு எவ்வளவு தொலைவு? கப்பல் துறையைக் கடந்தால் பட்டர்வொர்த். அங்கிருந்து சாலை நேரே சுங்கைப் பட்டாணிக்கு வருகிறது. தவணைமுறையில் வண்டி எடுக்க முடிந்தபோது, தோட்டத்து வாழ்க்கை மாறத் தொடங்கியது. சைக்கிளில் போனவர் மோட்டாரில் போனார். பிள்ளைகளைப் பட்டணத்து இடைநிலைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விட முடிந்தது. நடுச்சாமத்தில் பிரசவ வலி கண்டவளுக்கு மருத்துவச்சியை அழைத்துவர முடிந்தது. தோட்டத்தை விட்டு வெளியே ஒரு வேலைக்குப் போய்வர முடிந்தது. வீட்டுப் படத்தில் அந்த இளைஞர் முகத்தில் நாம் கண்ட பெருமிதம் வெறும் ஆடம்பரமன்று. தோட்டத்தின் எல்லை வாயிலைத் தம் விருப்பப்படி கடக்க முடிந்தவரின் பெருமிதம் அது.

பந்தயமும் இந்நாட்டில் வளர்ந்தது. சிங்கப்பூரின் தாம்சன் சாலையில் 1961 முதல் 1973 வரை பந்தயம் நடந்தது. 1962 முதல் 1965 வரை அதற்கு மலேசியன் கிராண்ட் பிரீ என்றே பெயர். அங்கும் பொதுச் சாலைதான் பந்தயப் பாதை. அதில் ஒரு பகுதிக்குப் 'பாம்பு' என்றும், ஒரு வளைவுக்குப் 'பேய் வளைவு' என்றும் பெயரிட்டிருந்தார்கள் என்றால் ஆபத்தை நாம் ஊகிக்கலாம். சிலாங்கூரில் பத்து தீகா பந்தயத்திடல் 1968இல் திறக்கப்பட்டது. பின்னர் ஷா ஆலாம் திடல் எனப் பெயர் பெற்ற அங்கேதான் 1991இல் மலேசியாவின் முதல் உலகத் தர மோட்டார் சைக்கிள் கிராண்ட் பிரீ நடந்தது. 500 சிசி பிரிவில் அமெரிக்கரான ஜான் கோசின்ஸ்கி வென்றார். 1999 முதல் செப்பாங்கில் நடந்து வருகிறது. ஷா ஆலாம் திடல் 2000களின் தொடக்கத்தில் இடிக்கப்பட்டு, அங்கே வீடுகள் எழுந்தன. அந்தத் திடல் இன்று படங்களில் மட்டுமே இருக்கிறது.

தமிழகத்திலும் இதற்கு ஒரு கதை உண்டு. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுபாதை ஒன்றிருந்தது. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பல ஆண்டுகள் பந்தயம் நடத்தியது. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனித் திடல் அமைந்தது. சென்னை இளைஞர் சரத்குமார் 2011இல் கத்தார் நாட்டில் நடந்த 125 சிசி உலகப் போட்டியில் ஓட்டினார்.

நம் கெடாவுக்கு வருவோம். 1994இல் 'கப் பிரீ' என்னும் கப்சாய்ப் பந்தயத் தொடர் தொடங்கியது. தோட்டத்துப் பையன்கள் ஓட்டுவது போன்ற சிறு வண்டிகளுக்கே உரிய பந்தயம் அது. அலோர் ஸ்டார் உட்படப் பல ஊர்களில் தற்காலிகத் தடம் அமைத்து நடத்தியிருக்கிறார்கள். அங்கிருந்து வளர்ந்த சுல்ஃபாமி கைருடின் 2012இல் செப்பாங்கில் மோட்டோ 3 பிரிவில் இரண்டாம் இடம் பெற்றார். 2016இல் கைருல் இடாம் பாவி அர்ஜென்டினாவில் வென்று, உலகக் கிராண்ட் பிரீயில் வென்ற முதல் மலேசியர் ஆனார்.

குரூணில் மொடெனாஸ் தொழிற்சாலை 1990களின் நடுவில் எழுந்தது. 1996இல் 'கிரிஸ்' என்ற வண்டி வெளிவந்தது. மறு ஆண்டே, 1997 ஏப்ரலில், ஷா ஆலாம் உலகப் போட்டியில் மொடெனாஸ் பெயர் தாங்கிய 500 சிசி வண்டி ஓடியது. அந்தக் குழுவை நடத்தியவர் 1978, 1979, 1980ஆம் ஆண்டுகளின் உலக வெற்றியாளரான அமெரிக்கர் கென்னி ராபர்ட்ஸ். ஓட்டியவர்களுள் ஒருவர் அவருடைய மகன். அந்த வண்டிக்கு உலகப் போட்டியில் வெற்றி கிட்டவில்லை. ஆனால் மகன் 1999இல் வேறொரு நிறுவனத்தின் வண்டியில் செப்பாங்கில் வென்று, 2000இல் உலக வெற்றியாளரும் ஆனார்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 1997ஆம் ஆண்டுப் பந்தயப் படத்தைப் பார்க்கும் ஒருவர், வண்டியில் மொடெனாஸ் என்ற எழுத்தைக் கண்டு, 'இது கெடாவில் குரூணில் செய்த வண்டி' என்று முடிவு கட்டக்கூடும். உண்மையில் அந்தப் பந்தய வண்டி இங்கிலாந்தில் உருவானது; பெயரும் ஆதரவும்தான் மலேசியாவினுடையவை. படம் பொய் சொல்லாது என்பார்கள். படம் பொய் சொல்லாது என்றாலும், முழுவதையும் சொல்லாது. படத்துக்குக் கீழே இரண்டு வரி எழுத்து இருந்தால்தான் அது சான்றாகும்.

வரலாற்றில் படம் காத்த மற்றொரு செய்தி பெண்களைப் பற்றியது. 1962இல் பெரில் ஸ்வெய்ன் என்ற ஆங்கிலப் பெண்மணி மான் தீவில் 50 சிசி பந்தயத்தில் தனியாக ஓட்டி முடித்தார். அதற்குப்பின், பெண்களுக்கு இது ஆகாது என்று சொல்லி அவருக்கு அனுமதி மறுக்கப்பட்டது. அவர் ஓட்டியதற்கு ஏடும் படமும் சான்றாக நிற்கின்றன. நம் தோட்டங்களிலும் மரம் சீவியவர்களில் பெண்கள் ஏராளம். விடியுமுன் கப்சாயில் வெட்டுக்குப் போன தாய்மார்களும் உண்டு. ஆனால் வண்டியோடு நிற்கும் பெண்ணின் படத்தைத் தேடிப் பாருங்கள், அரிதாகவே கிடைக்கும். எடுக்காத படம் பிற்காலத்தில் 'இல்லாத வரலாறு' ஆகிவிடுகிறது.

சாலைப் பந்தயத்தைப் பேசும்போது மரணத்தைப் பேசாமல் இருக்க முடியாது. மான் தீவின் மலைச் சுற்றில் 1911 முதல் இன்றுவரை 250க்கு மேற்பட்டோர் உயிரிழந்துள்ளனர். 1972இல் கில்பெர்ட்டோ பார்லோட்டி என்ற இத்தாலியர் அங்கே இறந்தபோது, அவருடைய நண்பரும் பெரும் வீரருமான ஜாகமோ அகோஸ்தீனி, இனி இங்கே ஓட்டமாட்டேன் என்று விலகினார். 1976க்குப்பின் அப்பந்தயம் உலகத் தொடரிலிருந்தே நீக்கப்பட்டது. செப்பாங்கில் 2011 அக்டோபர் 23ஆம் நாள் மார்கோ சிமோன்செல்லி விபத்தில் இறந்தார். அவருக்கு வயது 24. அந்த விபத்தின் படங்களை உலகமே பார்த்தது. ஆனால் அவருடைய ரசிகர்கள் இன்று சுவரில் மாட்டியிருப்பது விபத்துப் படத்தையன்று. சுருள்முடியோடு சிரிக்கும் முகத்தைத்தான்.

இதை நாம் உற்று நோக்க வேண்டும். இன்று நம் கையில் உள்ள கைப்பேசியே கேமரா. நெடுஞ்சாலையில் ஒரு பையன் விழுந்து கிடந்தால், தூக்க ஓடும் கைகளைவிடப் படம் எடுக்கும் கைகள் அதிகமாகிவிட்டன. அப்படம் அவன் தாய்க்குச் செய்தி போய்ச் சேருமுன் ஊரெல்லாம் சுற்றிவிடுகிறது. புகைப்படக் கலைக்கு இதைவிட இழுக்கு வேறில்லை. எடுக்கத் தெரிவது ஒரு திறமை. எதை எடுக்கக் கூடாது என்று தெரிவது பண்பு. பந்தயம் விடுகிற பிள்ளைகளுக்கும் ஒரு சொல். பந்தயத் தடத்தில் எதிரே லாரி வராது, மருத்துவர் காத்திருப்பார். பொதுச் சாலையில் இரண்டும் இல்லை. எத்தனையோ வீடுகளில், அடையாள அட்டையின் சிறு படத்தைப் பெரிதாக்கி மாலை போட்டிருப்பதைக் காண்கிறோம். அந்தப் பிள்ளைக்கு வேறு படமே இல்லை. அப்படி ஒரு படத்துக்கு மாலை போடும் நிலை எந்தப் பெற்றோருக்கும் வரக்கூடாது.

இனி, தொடக்கத்தில் பார்த்த நம் வீட்டுப் படத்துக்குத் திரும்புவோம். பெயரும் ஆண்டும் இல்லாத அப்படத்தைப் பந்தய வரலாற்றாளர் போல நாமும் ஆராயலாம். முதலில் வண்டியின் எண் தகட்டைப் பாருங்கள். 'கே' எழுத்தில் தொடங்கினால் கெடாவில் பதிவான வண்டி. 'பி' என்றால் பினாங்கு. 'ஆர்' என்றால் பெர்லிஸ். எண்கள் வரிசையாக வழங்கப்படுவதால், ஆண்டு தெரிந்த மற்றொரு வண்டியின் எண்ணோடு ஒப்பிட்டால் காலம் ஓரளவு பிடிபடும். அடுத்து, தலைக்கவசம். மலேசியாவில் மோட்டார் சைக்கிளோட்டிகள் தலைக்கவசம் அணிய வேண்டும் என்ற விதி 1973இல் வந்தது. சாலையில் ஓட்டும் ஒருவர் வெறுந்தலையாக இருந்தால் படம் அதற்கு முற்பட்டதாக இருக்கலாம். ஆயினும் தோட்டத்துக்குள் யார் கவசம் போட்டார்கள்? ஆகவே இதை மட்டும் நம்பி முடிவு செய்யக்கூடாது. வண்டியின் விளக்கு, இருக்கை, சக்கர மூடி ஆகியவற்றைப் பழைய மெக்கானிக் ஒருவரிடம் காட்டுங்கள். எந்த மாதிரி வண்டி என்று அவர் சொல்லிவிடுவார். பின்னணியைப் பாருங்கள். மரப்பலகை லயமா, கல் வீடா? ரப்பரா, செம்பனையா? ஸ்டூடியோவில் எடுத்த படமானால், அட்டையில் கடையின் முத்திரை இருக்கும். இவ்வாறு நான்கைந்து சான்றுகள் ஒத்துவந்தால்தான் ஆண்டை எழுதலாம். அதுவும் 'ஏறத்தாழ' என்று சேர்த்தே எழுத வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலான சான்று, வாழும் மூத்தோரே. படத்தை எடுத்துக்கொண்டு தாத்தாவிடம், பாட்டியிடம், கோயில் திருவிழாவுக்கு வரும் பழைய தோட்டத்து மக்களிடம் செல்லுங்கள். ஒரு முகத்தைக் காட்டினால் பத்துப் பெயர்கள் வரும். அவற்றை அன்றே எழுதிவிடுங்கள்.

காக்கும் முறையும் எளிதே. பின்புறம் மென்மையான பென்சிலால் மெதுவாக எழுத வேண்டும். பேனா மை ஊறி முன்பக்கம் தெரியும். படத்தின் முகத்தில் விரல் படாமல் ஓரத்தைப் பிடிக்க வேண்டும். பசைத்தாள் ஆல்பங்களில் ஒட்டிய படங்கள் காலப்போக்கில் பிரிக்க வராமல் கிழியும். ஒவ்வொன்றையும் தாள் உறையில் இடுவது நல்லது. நம் நாட்டு ஈரக்காற்றே படத்துக்குப் பெரும் பகை. பூஞ்சணம் பிடிக்கும், கரப்பானும் அரிக்கும். சமையலறைச் சுவரிலும் தரையிலும் வைக்காமல், மூடியுள்ள டப்பாவில், மாத்திரைப் புட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்களோடு உயரத்தில் வைக்கலாம். கைப்பேசியால் நிழல் விழாத வெளிச்சத்தில் நேராக ஒரு நகல் எடுத்து, உறவினர் இரண்டு மூன்று பேரிடம் கொடுத்து வையுங்கள். ஒரு வீட்டில் வெள்ளம் புகுந்தாலும் மற்றொரு வீட்டில் படம் இருக்கும். நகல் இருக்கிறதே என்று மூலப்படத்தை எறிந்துவிட வேண்டா.

ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்கலாம். கெடா பழம்பெரும் நிலம். இராசேந்திர சோழனின் படை ஏறத்தாழ 1025இல் வந்ததாகச் சொல்லும் கடாரம் இதுவே. அந்தப் பூஜாங் பள்ளத்தாக்கிலேயே, ஆயிரம் ஆண்டுப் பழமையான கோயில் அடித்தளம் ஒன்று வீடு கட்டும் பணிக்காக இடித்துத் தள்ளப்பட்ட செய்தி 2013 டிசம்பரில் வெளிவந்தது. கல்லுக்கே அந்தக் கதி என்றால், பலகை லயத்துக்கு என்ன உறுதி? எத்தனையோ தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் வீட்டுமனைகளாகிவிட்டன. பள்ளி இடம் மாறிவிட்டது. மக்கள் பட்டணத்து அடுக்குமாடிகளுக்குப் போய்விட்டனர். பால் ஸ்டோர் இருந்த இடத்தில் இன்று பேரங்காடி நிற்கலாம். ஷா ஆலாம் பந்தயத்திடலைப் போலத்தான் இதுவும். ஆனால் ஒரு வேறுபாடு. அந்தத் திடலைப் படம் எடுக்க உலகெங்குமிருந்து ஆட்கள் வந்தார்கள். நம் தோட்டத்தைப் படம் எடுக்க யாரும் வரவில்லை. நம் வீட்டு டப்பாவில் கிடக்கும் பத்துப் பதினைந்து படங்கள்தாம் இருப்பவை.

டக்ளஸ் நகரத்துப் புகைப்படக்காரர் செய்தது இவ்வளவே: ஓட வந்தவரை நிறுத்தி, முகமும் எண்ணும் தெரியப் படம் எடுத்தார், தகட்டைக் காத்து வைத்தார். அதனால் கடைசியாக வந்தவருக்கும் வரலாற்றில் இடம் கிடைத்தது. நம் வீட்டு இளைஞர் எந்தப் பந்தயத்திலும் ஓடியவரல்லர். விடியற்காலை இருட்டில் வெட்டுக்குப் போய், மாதத் தவணை கட்டி, பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். அவர் பெயரை இன்றிரவே படத்தின் பின்னால் எழுதிவையுங்கள்.